கம்பளிக் கணக்கு

போன வருஷம் ஜனவரியில் வத்தளையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் அம்பேவல பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போனோம். ஐந்து பேருமே கடற்காற்றில் வளர்ந்தவர்கள். குளிர் என்றால் எங்களுக்கு ஏசி பஸ்தான். நான் போட்டுக்கொண்டு போனது தடிப்பான ஒரு பருத்தி ஹூடி. "இது போதும் மச்சான், செம தடிப்பு" என்று பெருமையாக வேறு சொன்னேன். மலை ஏறும்போது வேர்த்துக் கொட்டியது. ஹூடி அதை முழுதாகக் குடித்தது. இரவு 2 மணிக்குப் பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, விடியும் வரை நிற்கவில்லை. காலையில் வெளியே வந்தால் புல் மேல் வெள்ளையாகத் துகள் பனி. மற்றவர்கள் செல்பி எடுத்தார்கள். நான் அடுப்புக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

இருமலோடு வீட்டுக்கு வந்ததும் அம்மாயி கேட்ட முதல் கேள்வி: "என்னத்த ராசா போட்டுட்டுப் போன?"

சொன்னேன். சிரித்தார். "ஒத்தத் துணியோட மலைக்குப் போனியா? நாங்க மலைக்குப் போறப்ப எத்தன உருப்படி மேல கெடக்கும் தெரியுமா?"

அம்மாயி டிக்கோயா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவர் சொல்லும் 'மலை' நாங்கள் சுற்றப் போகும் மலை இல்லை. தேயிலை மலை, அதாவது வேலைத்தளம். அன்றைக்கு அவர் ஒவ்வொரு உருப்படியாகச் சொல்லிக்கொண்டு போகப் போக, முதல் வாரம் நான் யூடியூபில் பார்த்து, பார்த்தும் புரியாமல் விட்ட பாடம் அப்படியே வந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அந்தப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணி சூடு தராது. சூடு நம் உடம்பில் இருந்துதான் வருகிறது. துணி செய்வதெல்லாம் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிற வேலை. அதையும் நூல் பிடித்து வைப்பதைவிட நூலுக்கு நடுவே அகப்பட்ட காற்றுத்தான் அதிகம் பிடித்து வைக்கிறது. அதனால் ஒரே ஒரு தடிப்புத் துணியைவிட மூன்று மெல்லிய துணிகள் மேல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு படை காற்று நிற்கும், வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், நின்றால் திரும்பப் போடலாம். உள்ளே இருப்பது வேர்வையை வெளியே கடத்த வேண்டும், நடுவில் இருப்பது சூட்டைப் பிடிக்க வேண்டும், வெளியே இருப்பது காற்றையும் தண்ணீரையும் மறிக்க வேண்டும். நனைந்த பருத்தி இந்த மூன்றில் எதையும் செய்யாது. கம்பளி நூல் அப்படியில்லை. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் கொஞ்சம் சூட்டோடு இருக்கும்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924இல் எவரெஸ்டில் காணாமல் போன ஜோர்ஜ் மலரியின் உடல் 1999இல் கிடைத்தபோது அதில் பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காகத் துணி இருந்தது. அமெரிக்க ராணுவம் 1943இல் கனத்த கோட்டை விட்டுவிட்டு அடுக்கு உடுப்புக்கு மாறியது. மலையேறுகிறவர்கள் இதையெல்லாம் கதை கதையாகச் சொல்வார்கள். டிக்கோயாவை யாரும் சொல்வதில்லை.

சரி, அம்மாயியின் உருப்படிகளுக்கு வருவோம்.

அடியில் பாவாடை, ரவிக்கை. பல பேருக்கு அந்தப் பாவாடை மாச் சாக்குத் துணியில் தைத்தது. அதற்கு மேல் சேலை. ஊரில் கட்டுவது போலத் தரை தொடக் கட்டுவதில்லை, தூக்கிச் செருகிக் கட்டுவது. சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, அகப்பட்டால் ஒரு பழைய கோட்டு அல்லது ஸ்வெட்டர். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை படங்கு. படங்கு என்றால் தடித்த சாக்கு மாதிரித் துணி, பிற்காலத்தில் பொலித்தீனோ உரச் சாக்கோ. காலையில் தேயிலைச் செடி முழுக்கப் பனித்தண்ணீர் நிற்கும். செடிக்குச் செடி நுழைந்து போகும்போது இடுப்பிலிருந்து கீழே நனைந்துவிடும். வாதுகள் கிழிக்கும். அந்த இரண்டுக்கும்தான் படங்கு. இன்றைக்கு வெளிப்படை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிற உடுப்பு செய்யும் வேலையை இடுப்புக்குக் கீழே அது செய்தது.

இதற்கெல்லாம் மேலே கம்பளி. நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஒரு மூலையை உள்ளே தள்ளினால் ஒரு கூம்பு வரும். அதைத் தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடி இடுப்பு வரை தொங்கும். கொங்காணி என்பார்கள். தமிழ்நாட்டு வயல்களில் மழை நேரத்தில் சாக்கை இப்படித்தான் மடித்துப் போடுவார்கள், அதே மடிப்பு. அதற்கு மேல்தான் கூடைக் கயிறு. கூடையின் பாரம் முழுக்க உச்சந்தலைக் கயிற்றில் நிற்பதால் மடித்த துணி தலையைக் காப்பாற்றும், முதுகில் கூடை உராயாமலும் பார்த்துக்கொள்ளும். பத்து மணிக்கு வெயில் வந்தால் கம்பளி கழன்று கூடைக்குள் போகும். பின்னேரம் மிஸ்ட் இறங்கினால் திரும்ப வரும். இரவில் அதே கம்பளிதான் பாய்க்கு மேல் விரிப்பு, பிள்ளைக்குப் போர்வை. "அது காயறதுக்குள்ள விடிஞ்சிரும். ஈரத்தோடயே திரும்பவும் பெரட்டுக் களத்துக்கு" என்றார் அம்மாயி. காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் இடம்தான் பிரட்டுக் களம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பயணத்தில் நாங்கள் பயந்தது ஜனவரியின் காய்ந்த குளிருக்கு. அம்மாயி பயந்தது ஜூன், ஜூலைக்கு. தென்மேல் பருவக்காற்று டிக்கோயா, மஸ்கெலியா, திம்புள்ளைப் பக்கம் நேராக வந்து மோதும். வெப்பமானி பெரிதாக இறங்காது. ஆனால் நாள் முழுக்க மழை, மழையோடு காற்று. ஆளை விழுத்துவது இந்த ஈரக் குளிர்தான். மழை என்று நின்றுகொண்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

இந்தக் கம்பளி மலைக்கு எப்படி வந்தது?

மலையகத் தமிழர்களின் முன்னோர்கள் குளிர் நாட்டுக்காரர்கள் இல்லை. புதுக்கோட்டை, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி. வெயில் ஊர்கள். கம்பளாவுக்குப் பக்கத்தில் சிங்ஹாப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1824இல். 1840களில் கோப்பி வெறி பிடித்தது போலப் பரவியது. அதற்கு ஆள் வேண்டும். பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 2023இல் 200 வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கு அந்தத் தூரம் 250 கிலோமீற்றருக்கு மேல் வந்தது. அவர்களுக்குத் தார் ரோடு இருந்தது, சாப்பாடு கொடுக்க வழிநெடுக ஆட்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இருந்தது காடு, வாந்திபேதி, மலேரியா. செத்தவர்களின் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் என்பதில் வாதம் இல்லை.

நாம் பெரும்பாலும் கதையை மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்திவிடுகிறோம். வந்து சேர்ந்துவிட்டார்கள், அப்பாடா. ஆனால் சேர்ந்த இடம் மலையின் அடிவாரம். அதற்கு மேலே இன்னும் இரண்டாயிரம், மூவாயிரம் அடி ஏறவேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை இறங்கும். உலர்ந்த காட்டு வழியில் வாரக்கணக்காக நடந்து, அரைவயிறும் காய்ச்சலுமாக, ஒரு வேட்டியும் ஒரு துண்டுமாக வந்த மனுஷன் மழைக்குள்ளும் குளிருக்குள்ளும் நுழைகிறான். கோப்பிப் பழம் பறிக்கும் காலமும் வருஷக் கடைசியை ஒட்டிய மழை மாதங்கள்தான். வயிற்றுக் கடுப்பும் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் தோட்டங்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனதன் ஒரு பாதிக் காரணமாவது அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டத்து வைத்திய வசதிக்கென்று ஒரு சட்டம் வர 1872 ஆனது. கோப்பி தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

துரைமாருக்குக் குளிர் பற்றித் தெரியாமல் இல்லை. குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே. நடுங்குகிற ஆள் வேலை செய்ய மாட்டான் என்பதும் தெரியும். அதனால் வந்து சேர்ந்த ஆளுக்கு அரிசியோடு ஒரு கம்பளியும் கொடுத்தார்கள். தோட்டத்து ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கம்ளி'. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சுச் சொற்களைச் சேர்த்து 1886இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. அந்தளவு புழக்கம்.

கொடுத்தார்கள் என்றால் சும்மா இல்லை. கணக்கில் கொடுத்தார்கள். தோணிக் காசு, வழிச் சாப்பாடு, அரிசி, கம்பளி எல்லாம் அந்த ஆளின் பெயரில் கடனாக ஏறியது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்கள். கங்காணியின் பற்றுப் புத்தகத்தில் ஒரு மனுஷனின் முதல் வரிகளில் ஒன்று கம்பளி. குளிரில் நிறுத்தியதும் அவர்கள், குளிருக்குத் துணி கொடுத்ததும் அவர்கள், அந்தத் துணிக்குக் காசு பிடித்ததும் அவர்கள். "கம்பளியில சோத்தப் போட்டுட்டு மயிரு மயிருன்னா முடியுமா" என்று ஒரு பழமொழி இருக்கிறது. அம்மாயி அதைத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் சொல்வார்.

இந்த இடத்தில் ஆடுகளைப் பற்றி ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பளி என்ற பண்டம் நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. தென்னிந்தியாவில் குறும்பர் என்ற ஆட்டிடையர்கள் கறுப்பு ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, குழித் தறியில் கம்பளி நெய்தவர்கள். தக்காணத்தில் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடும் வழக்கம் உண்டு. அதனால் கம்பளி பலகை மாதிரி விறைத்து நிற்கும், மழைத் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. உடம்பில் பட்டால் அரிக்கும். அதனால்தான் அடியில் எப்போதும் ஒரு பருத்தித் துணி. இரவில் ஆட்டுக்குக் காவல் கிடக்கிறவனின் உடுப்பு அது. கொங்காணி மடிப்பு, உள்ளே எது வெளியே எது என்ற அறிவு எல்லாம் நடந்து வந்தவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. யாரும் கடனாகக் கொடுக்கவில்லை.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்ததும் குளிரின் கணக்கும் மாறியது. கோப்பிக்கு ஆண்கள் பருவத்துக்கு வந்து பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும், அப்படியென்றால் குடும்பமாகக் குடியிருக்க வேண்டும். அதோடு தேயிலை கோப்பியைவிட உயரத்துக்கு ஏறும். நுவரெலியா, 6,000 அடிக்கு மேல். ஆக முன்பு ஒரு ஆணுக்கு ஒரு பருவத்துக்கு ஒரு கம்பளி போதும் என்றிருந்த இடத்தில் இப்போது கைப்பிள்ளை, கிழவி எல்லாருக்கும் வருஷம் முழுக்கக் குளிர். கம்பளியின் தொகை அதற்கேற்பக் கூடவில்லை. லயத்துக் காம்பரா ஒன்று பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயே அடுப்பு, அதைச் சுற்றிப் படுக்கை. புகை கண்ணைக் குத்தினாலும் அடுப்பை அணைக்க மாட்டார்கள். அந்த வீட்டின் கடைசி அடுக்கு அடுப்புத்தான்.

19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், பிளேக் பயத்தில் பாதை மாறி, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்தவர்களை நம்ம ராகமையில் இருந்த முகாமில் வைத்துச் சோதித்துத்தான் மலைக்கு அனுப்பினார்கள். வத்தளையிலிருந்து ராகமைக்கு பஸ்ஸில் எத்தனை தரம் போயிருக்கிறேன்! ஒரு தரமாவது இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

கடன் பற்றுச் சீட்டான 'துண்டு' முறை 1921இல் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்து, 1929 தொடக்கத்தில் தொகை நிர்ணயமானது. உயர் மலையில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. தாழ்நிலத்தில் 50, 40, 30. மலை ஏற ஏறப் பிழைப்புச் செலவு கூடும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்ட இடம் இது. ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆணுக்கு 4 சதம், பெண்ணுக்கு 3 சதம், பிள்ளைக்கு 2 சதம். மலைக்கு மேலே அரிசி வந்து சேரும் செலவு, விறகு, கம்பளி, இருமல் எல்லாம் இந்தச் சில சதத்துக்குள்ளே. அதிகாலையில் முதலில் நனைகிறவள் கொழுந்து எடுக்கும் பெண். அவளுக்குக் கூடுதல் 3 சதம்!

இந்தப் பெண்களின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்துத் தபால் அட்டைகள், தேயிலை விளம்பரங்கள் நிறைய இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானதில் நல்ல வெயில். நகை போட்டு, சேலை கட்டி, வெறும் கையோடு ஒரு பெண் கொழுந்து கிள்ளிக்கொண்டு சிரிக்கிறாள். படங்கு அபூர்வம், கம்பளி அதைவிட அபூர்வம். படம் எடுக்க வெளிச்சம் வேண்டும், அது நியாயம். ஆனால் நூற்றைம்பது வருஷமாக அதே வெயிலைக் காட்டினால், அங்கே குளிரே இல்லை என்று பார்க்கிறவன் நினைப்பான். இன்றைக்கும் சுற்றுலா விளம்பரத்தில் அந்தச் சிரிப்புத்தான். கங்காணிகளின் படங்களில் மட்டும் உடுப்பு தெளிவாக இருக்கும்: தலைப்பாகை, வேட்டிக்கு மேலே வெள்ளைக்காரக் கோட்டு, கையில் தடி. கோட்டு கிடைத்தவன் அதைப் போட்டுக்கொண்டுதான் படத்துக்கு நின்றான்.

பிறகு கம்பளி மெல்ல மெல்ல மறைந்தது. அதன் இடத்துக்குப் பொலித்தீன் வந்தது. தண்ணீரை மறிப்பதில் பொலித்தீன் கெட்டிக்காரன். ஆனால் வேர்வையை வெளியே விடாது, சூட்டையும் பிடிக்காது. ஏறுகிறபோது உள்ளே நனைந்து, நின்றதும் உறைந்து போகிற என் ஹூடி கதைதான் வேறு வழியில். 1973, 74 பஞ்ச காலத்தை அம்மாயி நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். தோட்டங்களில் சாவு வீதம் ஏறிய காலம் அது. அவர் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய கம்பளியைக் கடைத்தெருவில் கொடுத்து மா வாங்கியிருக்கிறார். "பசியா குளிரான்னா பசிதான் முன்னாடி நிக்கும்" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு உலகத்துக்குக் குளிர் உடுப்பு தைத்து அனுப்புகிற நாடுகளில் இலங்கையும் ஒன்று. வத்தளையைத் தாண்டி நீர்கொழும்பு ரோட்டில் போனால் 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம். தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காமார் நிறையப் பேர். ஏற்றுமதியில் மிஞ்சியதும் தையல் பிசகியதும் புறக்கோட்டை நடைபாதைக்கு வரும். நுவரெலியா பேல் பஜாரில் குவித்து வைத்திருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் பேரம் பேசி வாங்கி, டிசம்பரில் சிவனொளிபாதமலைக்கும் ஜனவரியில் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போட்டுக்கொண்டு போவோம். அதே பஜாருக்குப் பக்கத்து மலையில் ஒரு அக்கா உரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பார்த்தேன். அம்பேவலயிலிருந்து திரும்பும் வழியில், வேனுக்குள் இருந்து, நடுங்கிக்கொண்டே.

இந்த ஜனவரியில் திரும்பப் போனோம். இந்த முறை அம்மாயியிடம் கேட்டுவிட்டுத்தான் மூட்டை கட்டினேன். உள்ளே மெல்லிய, வேர்வை குடிக்காத டீசேர்ட். அதற்கு மேல் புறக்கோட்டையில் 1,800 ரூபாவுக்கு வாங்கிய ஃப்ளீஸ் ஜக்கட். அதற்கு மேல் மழைக் கோட்டு. ஏறும்போது ஜக்கட் பையில், நின்றதும் உடம்பில், வேர்க்கும் முன்னாலேயே கழற்றுவது. தூங்கப் போகும்போது மாற்ற ஒரு சோடி காய்ந்த மேசும் டீசேர்ட்டும் பொலித்தீனில் சுற்றித் தனியாக. "ராத்திரிக்கு ஒண்ணு காய வச்சிரு, அது போதும்" என்பது அம்மாயி மூன்று முறை சொன்னது. அவருக்கு அந்த ஒன்று இருந்ததே இல்லை. துகள் பனி இந்த முறையும் விழுந்தது. நான் தூங்கினேன்.

கொங்காணி எப்படி மடிப்பது என்றும் அம்மாயி பெட்ஷீட்டில் காட்டித் தந்தார். மூலையை உள்ளே தள்ளும் இடத்தில் எனக்கு இன்னும் சரியாக வருவதில்லை, கூம்பு சரிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் தோட்டத்து அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மடிப்பு மாறுமாம்.